தொட்டி மீனை ஏரியில் விடலாமா?

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் வீட்டில் வண்ணமீன் வளர்ப்பவர்களாக இருப்பீர்கள். மேடவாக்கம் கூட்டுரோட்டிலிருந்து தாம்பரம் பக்கம் போனாலும் சரி, வேளச்சேரி பக்கம் போனாலும் சரி, வழியில் ஒரு வண்ணமீன் கடையாவது கண்ணில் படும். கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர், தங்கமீன் என்று வகைவகையாக வைத்திருப்பார்கள். மீன் வளர்ப்பது நல்ல பழக்கம். ஓர் உயிர் எப்படி மூச்சு விடுகிறது, எப்படி இரை தேடுகிறது, எப்படிக் குஞ்சுகளைக் காக்கிறது என்பதைப் பாடப்புத்தகத்தைவிட ஒரு கண்ணாடித் தொட்டி நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

நான் பேசப்போவது அந்தப் பழக்கம் முடிகிற இடத்தைப் பற்றி. மீன் தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்துவிடுகிறது. அல்லது வாடகை வீடு மாறவேண்டியிருக்கிறது. அல்லது பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்குகிறது. தொட்டியைக் கழுவ நேரமில்லை. வீட்டில் ஆலோசனை நடக்கிறது. "கொன்றால் பாவம். ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடு. அது பாட்டுக்கு நீந்தி நன்றாக இருக்கட்டும்" என்று பாட்டி சொல்கிறார். எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மாலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் மீன் ஏரிக்கரைக்குப் போகிறது.

அப்படி விடுவது தவறு என்பது என் கருத்து. கெட்ட எண்ணத்தோடு செய்யும் காரியமாக இருந்தால் கண்டிப்பது எளிது. இது இரக்கத்தால் செய்வது. அதனால்தான் சற்று விரிவாகவே காரணம் சொல்லவேண்டியிருக்கிறது. அதற்கு முதலில் உங்களைக் குளிர் நாடுகள் சிலவற்றுக்கு அழைத்துப்போகிறேன். பிறகு நம் மேடவாக்கத்துக்குத் திரும்பிவிடலாம்.

ஜெர்மனி நாட்டில், கொலோன் நகருக்கு அருகில், கில்பாக் என்று ஒரு சிற்றோடை உண்டு. அங்கே குளிர்காலத்தில் சுற்றிலும் பனி கொட்டும். ஆனால் இந்த ஓடையில் கப்பி மீன் நீந்துவதை உயிரியல் அறிஞர்கள் கண்டார்கள். கப்பியின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் வெனிசுவேலாவும் அதை ஒட்டிய டிரினிடாட் தீவும். கப்பி மட்டுமா? உடம்பு முழுதும் கைதியின் சட்டைபோல் கறுப்புப் பட்டைகள் கொண்ட, மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த கான்விக்ட் சிக்லிட் மீன்களும் அங்கே இருந்தன. வெப்ப மண்டலத்து மீன்கள் பனி பெய்யும் ஊரில் எப்படிப் பிழைத்தன?

விடை ஓடையின் தலைப்பில் இருக்கிறது. அங்கே ஒரு நிலக்கரி அனல்மின் நிலையம். அதன் இயந்திரங்களைக் குளிர்வித்துவிட்டு வெளியேறும் வெதுவெதுப்பான நீர்தான் ஓடைக்கு வரத்து. அதனால் குளிர்காலத்திலும் ஓடை குளிர்வதில்லை. யாரோ தம் தொட்டி மீன்களை அங்கே விட, அவை குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டன.

இங்கிலாந்தில் செயின்ட் ஹெலன்ஸ் என்ற ஊரிலும் இதே கதை. ஒரு கண்ணாடித் தொழிற்சாலையின் வெந்நீர் கலந்த கால்வாயில் 1960-களில் கப்பி மீன்கள் பெருகியிருந்தன. உள்ளூர் மக்கள் அந்த இடத்துக்கு 'ஹாட்டீஸ்' என்று செல்லப்பெயரே வைத்திருந்தார்கள். வெந்நீர் வரத்து நின்றது, மீன்களும் மறைந்தன. வேறு யாரும் அவற்றைப் பிடித்து அழிக்க வேண்டியிருக்கவில்லை. குளிரே அந்த வேலையைச் செய்துவிட்டது.

மூன்றாவது கதை அவ்வளவு வேடிக்கையாக முடியவில்லை. கனடாவின் ராக்கி மலைகளில் பான்ஃப் என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு 20, 30 டிகிரி கீழே இறங்கும் இடம். அங்கே ஒரு மலைக்குகையை ஒட்டி வெந்நீர் ஊற்றுகள் சுரக்கின்றன. அந்த நீர் வழிந்து ஒரு சதுப்பு நிலத்தில் பரவுகிறது. 1924-ஆம் ஆண்டு கொசுவை ஒழிப்பதற்காக அச்சதுப்பில் கம்பூசியா மீன்களை விட்டார்கள். பின்னாளில் மீன் வளர்ப்போர் சிலர் மோலி, ஜூவல் சிக்லிட் முதலிய தொட்டி மீன்களையும் கொண்டுவந்து விட்டார்கள். உலகிலேயே அந்தச் சதுப்பில் மட்டும் வாழ்ந்துவந்த ஒரு சிறு மீன் இனம் இருந்தது. பான்ஃப் நீள்மூக்கு டேஸ் என்பது அதன் பெயர். 1987-இல் அது பூண்டோடு அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அழிவுக்குக் காரணங்கள் பல. வந்தேறி மீன்களோடு நடந்த போட்டி அவற்றுள் முக்கியமான ஒன்று. விரல் நீளங்கூட இல்லாத ஒரு மீன் போனதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்காதீர்கள். போன இனத்தை எந்தச் சோதனைச்சாலையும் திரும்பத் தராது.

இந்த மூன்று கதைகளிலும் ஒரு பொதுவான செய்தி இருப்பதைக் கவனித்தீர்களா? வெப்ப மண்டல மீன்கள் குளிர் நாட்டில் பிழைக்க ஏதேனும் ஒரு வெந்நீர் வரத்து வேண்டும். ஓர் ஆலையோ, ஓர் ஊற்றோ துணை நிற்கவேண்டும். அந்தச் சிறு எல்லையை விட்டு வெளியே போனால் குளிர்காலம் கொன்றுவிடும். ஆக, குளிர் நாடுகளின் ஆறு குளங்களுக்குக் குளிர்காலம் ஒரு காவல்காரன். ஆண்டுக்கு ஒருமுறை வந்து, வேண்டாத விருந்தாளிகளில் பெரும்பாலோரை வெளியேற்றிவிட்டுப் போகிறான்.

எல்லோரையும் என்று சொல்லமுடியாது. தங்கமீன் வெப்ப மண்டலத்து மீன் அன்று. கிழக்கு ஆசியாவின் குளிரைப் பழகியது. மேலே பனிக்கட்டி மூடி, நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனாலும் அது மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆக்சிஜன் இல்லாமல் உடல் இயங்கினால் தசைகளில் லாக்டிக் அமிலம் சேரும் என்று படித்திருப்பீர்கள். தங்கமீன் அந்த அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடுகிறது! அதனால் கனடாவின் ஏரிகளில் தங்கமீன் இன்று ஒரு தலைவலி. நம் நாட்டிலும் 2023 மே மாதம் காஷ்மீரின் தால் ஏரியில் களைகளை அகற்றியவர்கள் கையில், முதலைபோல் நீண்ட வாய் கொண்ட அலிகேட்டர் கார் என்னும் வட அமெரிக்க மீன் சிக்கியது. இந்தியாவில் இது அலங்கார மீனாக விற்கப்படுகிற இனம். குளிர் ஏரியிலும் அது உயிரோடு இருந்திருக்கிறது. காவல்காரன் இருக்கும் வீட்டுக்கே இந்த நிலை.

இப்போது மேடவாக்கத்துக்கு வருவோம்.

மீனம்பாக்கம் வானிலை நிலையத்தில் மார்கழி, தை மாதங்களின் அதிகாலையில்கூட வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஏரி நீர் காற்றைவிட மெதுவாகக் குளிரும் என்பது உங்களுக்குத் தெரியும். அமேசான் ஆற்றிலிருந்து வந்த ஒரு மீனுக்கு எங்கள் ஊர் ஏரி ஆண்டு முழுவதும் சொந்த வீடுபோல இதமாக இருக்கும். கில்பாக் ஓடைக்கு அனல்மின் நிலையம் கொடுத்த வெப்பத்தை நமக்குச் சூரியனே இலவசமாகக் கொடுக்கிறது. குளிர்காலம் என்ற காவல்காரன் நமக்கு இல்லவே இல்லை. ஒரு மீனை விட்டால், அதைத் திரும்ப வெளியேற்ற ஒருவரும் வரப்போவதில்லை.

அமேசான் மீன் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. கடைகளில் 'டாங்க் கிளீனர்' என்றும் 'சக்கர் மீன்' என்றும் சொல்லி ஒரு மீன் விற்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். கண்ணாடியில் வாயை ஒட்டவைத்துக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். தொட்டியைக் கழுவும் வேலை மிச்சம் என்று வாங்கிவருவோம். கடையில் அது விரல் நீளம். ஆனால் வளர்ந்த மீன் 40 முதல் 50 சென்டிமீட்டர்! இரண்டடி நீளத் தொட்டியில் அது எப்படித் திரும்பும்? ஆகவே ஏரிக்குப் போகும் மீன்களில் இதுவே முதலிடம் பெறுகிறது. எனக்குக் கடைக்காரர்கள் மீதுள்ள முதல் குறை இதுதான். விரல் நீளக் குஞ்சை விற்கும்போது, அது முழங்கை நீளம் வளரும் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை.

இதன் அறிவியல் பெயர் டெரிகோப்ளிக்திஸ். தென் அமெரிக்கக் கெளுத்தி வகை. நம் ஊர்க் கெளுத்திக்கு வழுவழுப்பான தோல்; இதற்கோ உடல் முழுதும் எலும்புத் தகடுகளால் ஆன கவசம். துடுப்புகளின் முன்விளிம்பில் உறுதியான முள். வலையில் சிக்கினால் வலை கிழியும். எடுக்கப்போனால் கை கிழியும். நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, இரைப்பையின் சுவர் வழியாகவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். சாக்கடை கலந்து நாறும் நீரில் மற்ற மீன்கள் செத்து மிதக்கும்போது இது மட்டும் பிழைத்திருப்பதன் ரகசியம் இதுவே. ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியே பல மணிநேரம் உயிரோடு கிடக்கும்.

இதன் இனப்பெருக்க முறைதான் நம் ஏரிகளுக்கு மிகவும் கவலை தருவது. ஆண் மீன் கரையின் களிமண்ணில் ஒரு மீட்டர் அளவுக்கு வளை தோண்டும். பெண் அதில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆண் வாசலிலே காவல் இருக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடா, டெக்சாஸ் மாநிலங்களில் இவ்வளைகளால் கால்வாய்க் கரைகள் அரித்துச் சரிந்திருக்கின்றன. நம் ஏரிகளின் கரை எதனால் ஆனது? மண்ணால். முன்னோர் மண் கொட்டி உயர்த்திய கரைதான் ஏரியே. அதில் எலியும் நண்டும் வளை தோண்டினாலே மழைக்காலத்தில் பயந்து பார்த்துக்கொள்வது கிராமத்து வழக்கம். இனி இந்த மீனையும் அந்தப் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

வயிறு நிறைய அடிமட்டத்துப் பாசியையும் மக்கிய கழிவையும் தின்னும்போது, அங்கே ஒட்டியிருக்கும் பிற மீன்களின் முட்டையையும் இது சேர்த்து விழுங்கிவிடும். மெக்சிகோவில் இன்ஃபியெர்னியோ என்ற பெரிய நீர்த்தேக்கத்தில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், மீனவர் வலையில் விழுந்தவற்றில் பெரும்பங்கு இந்தக் கவச மீன்களாகிவிட்டன. மீன்பிடித் தொழிலே படுத்துவிட்டது. போர்ட்டோரிக்கோ தீவில் இதை விழுங்கப்போன கூழைக்கடாக்கள் தொண்டையில் முள் சிக்கி இறந்தன. பள்ளிக்கரணையில் மந்தையாக வந்திறங்கும் நம் கூழைக்கடாக்களை இங்கே நினைத்துப் பாருங்கள்.

'இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி' என்று ஒதுக்க வழியில்லை. அலங்கார மீன்கள் தென்னிந்திய நீர்நிலைகளில் பரவிவருவதைப் பற்றி 2010-ஆம் ஆண்டிலேயே 'ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா' இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. சென்னைச் சுற்றுப்புறமும் அதில் இடம்பெற்றது. ஆந்திர மீனவர்கள் சக்கர் மீனுக்குப் 'பேய் மீன்' என்று பொருள்படும் பெயரே வைத்துவிட்டார்கள். ஹைதராபாத்தில் உள்ள லாகோன்ஸ் ஆய்வகத்தார் புதுமையான முறை ஒன்றைக் கையாண்டார்கள். மீனைப் பிடிக்கவே வேண்டாம். ஏரி நீரை மொண்டுவந்து, மீனின் சளியிலும் செதிளிலும் இருந்து அதில் கரைந்துள்ள டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடினால் போதும். அப்படித் தேடியபோது, கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் அவர்கள் ஆராய்ந்த நீர்நிலைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இந்த மீனின் தடயம் கிடைத்தது.

சரி, ஓர் ஏரியில் விட்டால் அந்த ஏரியோடு போகட்டும் என்று விடலாமா? நம் பகுதியின் நில அமைப்பு தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். நம் ஏரிகள் தனித்தனிக் குளங்களாக வெட்டப்பட்டவை அல்ல. சரிவு பார்த்து, சங்கிலிபோல் கோத்தவை. மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து கீழ் ஏரிக்குப் போகும். செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றன் உபரிநீர் அடுத்ததைத் தேடிச் சென்று, முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பில் கலக்கிறது. மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கத்து நீரும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் கழிமுகம், கடல். ஆக, ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி கலங்கல் பாயும் நாளில், மேல் ஏரியில் விட்ட மீனுக்குக் கீழே இத்தனை ஏரிகளின் கதவும் திறந்துவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஏரி எது, சாலை எது, தெரு எது என்றே தெரியாமல் எல்லாம் ஒரே நீராகக் கிடந்ததை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். அன்று மீன்கள் எங்கிருந்து எங்கே போயின என்று யார் கணக்கெடுத்தார்கள்?

அந்தப் பள்ளிக்கரணைக்கு 2022-இல் ராம்சர் தகுதி கிடைத்தது. உலக அளவில் காக்கப்படவேண்டிய ஈரநிலம் என்று சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பை அறிவித்துவிட்டு, அதன் தலைமாட்டில் உள்ள ஏரிகளில் நாமே வாளி வாளியாக அந்நிய மீன்களைக் கொட்டுவது எப்படி இருக்கிறது! முன்கதவில் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்துவைத்த கதைதான்.

இதைச் சொன்னால் மாணவர்கள் சில கேள்விகள் கேட்பது வழக்கம். நியாயமான கேள்விகள்.

"ஒரே ஒரு மீனை விட்டால் என்ன ஆகிவிடும்?" கப்பியைப் பொறுத்தவரை ஒன்றே போதும். அது குட்டி போடும் இனம். கடையில் ஆணோடு சேர்ந்திருந்த பெண் கப்பி, ஆணின் விந்தணுவைத் தன் உடலில் மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொண்டு தவணை தவணையாகக் குட்டி போடும். தனித்துவிடப்பட்ட ஒரு தாய் மீனிலிருந்து ஒரு கூட்டமே உருவாகி நிலைப்பதைச் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். மேலும் 'நான் ஒருவன்தானே' என்று நினைப்பவர் நம் புறநகரில் ஒருவர் மட்டுமா இருக்கிறார்?

"ஜிலேபி மீனும் வெளிநாட்டு மீன்தானே? அதை எல்லோரும் சாப்பிடுகிறோமே?" உண்மை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அம்மீன் 1952-இல் இலங்கை வழியாக மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் அது இல்லாத குளத்தைக் காண்பது அரிது. எழுபது ஆண்டுகளில் ஒரு மீன் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் காட்ட விரும்பும் சாட்சியே ஜிலேபிதான். அதையாவது குழம்பு வைக்கலாம். முழுக்க முழுக்கக் கவசமாக இருக்கும் சக்கர் மீனை நம் ஊர்ச் சந்தையில் யார் வாங்குவார்கள்? மீனவர் கரையில் வீசிவிட்டுப் போகிறார்.

"கொசுவை ஒழிக்க அரசாங்கமே கம்பூசியாவையும் கப்பியையும் விடுகிறதே?" இதுதான் கடினமான கேள்வி. கப்பி நூறாண்டுக்கு மேலாக இந்தியாவில் இருக்கிறது. கம்பூசியா 1928-இல் வந்தது. மூடிய கிணற்றிலும் தொட்டியிலும் விடுவதை நான் எதிர்க்கமாட்டேன். டெங்கு காய்ச்சல் விளையாட்டுக் காரியம் அல்ல. ஆனால் ஏரியிலும் ஓடையிலும் விடுவதை நிறுத்தவேண்டும் என்பேன். அங்கே கொசுப்புழுவைத் தின்ன நம் மீன்களே உண்டு. தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு வைத்தாற்போல், நீர்ப்பரப்பை ஒட்டியே நீந்தித் திரியும் சிறு மீனைப் பார்த்திருக்கிறீர்களா? முண்டக்கண்ணி என்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொசுப்புழு தின்றுவரும் உள்ளூர் ஊழியர் அவர். அவர் வேலையைப் பறித்து வெளியூர்க்காரருக்குக் கொடுப்பானேன்?

அழகுக்காக ஒன்றைக் கொண்டுவந்து அவதிப்படுவது நமக்குப் புதிதும் அன்று. ஏரியை மூடிக் கிடக்கிறதே ஆகாயத்தாமரை, அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பூவின் அழகுக்காக வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்ட தென் அமெரிக்கச் செடி. அதை அள்ளி எடுக்க இன்று இயந்திரங்கள் வாங்குகிறோம். செடியையாவது கண்ணால் காணலாம். நீருக்கடியில் பெருகும் மீனை எந்த இயந்திரத்தால் அள்ளுவது?

வண்ணமீன் விற்பனையையே தடைசெய்துவிடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வட சென்னையில் கொளத்தூரைச் சுற்றி எத்தனையோ குடும்பங்கள் மீன் வளர்த்துப் பிழைக்கின்றன. தடை போட்டால் வியாபாரம் மறைவாக நடக்கும்; அவ்வளவுதான். அதைவிட, ஒவ்வொரு தொட்டியின் மேலும் அந்த மீன் முழு வளர்ச்சியில் எத்தனை சென்டிமீட்டர் இருக்கும், எத்தனை ஆண்டு வாழும் என்று எழுதி ஒட்டச் சொல்லலாம். விற்ற மீனைத் திரும்பப் பெற்றுக்கொள்ள ஒவ்வொரு கடையிலும் ஒரு தொட்டி வைக்கச் சொல்லலாம். பணம் தரவேண்டாம், வாங்கிக்கொண்டால் போதும். இதற்குப் பெரிய சட்டம்கூடத் தேவையில்லை. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் உங்களைப்போன்ற மாணவர்கள்தாம். நீங்கள் நாலு பேர் சேர்ந்து கேட்டால் கடைக்காரர் மறுக்கமாட்டார். பள்ளியில் ஒரு பெரிய தொட்டி இருந்தால், வீடு மாறிப் போகிறவர்களின் மீன்கள் அங்கே இடம் பெறலாம்.

இவை எதுவும் கைகூடாதபோது? இங்கேதான் என்னோடு பலர் சண்டைக்கு வருகிறார்கள். யாரும் ஏற்றுக்கொள்ளாத ஒரு சக்கர் மீனை ஏரியில் விடுவதைவிட, வலி தெரியாமல் அதன் உயிரை முடித்துவிடுவதே மேல் என்பது என் எண்ணம். விவரம் அறிந்தவர்கள் இதற்குக் கிராம்பு எண்ணெயைக் கலந்த நீரில் மீனை மயக்கி, அந்த மயக்கத்திலேயே இறக்கச் செய்கிறார்கள். இது பெரியவர்கள் செய்யவேண்டிய வேலை. மாணவர்கள் தாமாகச் செய்யக்கூடாது. கேட்கவே மனம் கசக்கும், எனக்கும்தான். ஆனால் வாளியைக் கவிழ்க்கும் அந்த நொடியில் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு மீன் மட்டுமே. ஏரியின் அடியில் அயிரையும் ஆராலும் விராலும் பனையேறிக் கெண்டையும் இருக்கின்றன. அவற்றின் முட்டைகள் இருக்கின்றன. வலையோடு வந்து நிற்கும் மீனவர் இருக்கிறார். இவர்களை நாம் பார்க்கவில்லை என்பதற்காக அவர்கள் இல்லாமல் போய்விடுவார்களா?

ஒன்று செய்து பாருங்கள். தை பிறந்து நீர் வற்றத் தொடங்கும்போது உங்கள் ஊர் ஏரியில் வலை வீசுகிறவர்களிடம் சென்று, என்னென்ன மீன் கிடைத்தது என்று கேட்டுப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். கவசமும் அடிவாயும் கொண்ட மீன் இருந்தால் தேதியையும் நீளத்தையும் குறியுங்கள். பாவம் பார்த்துத் தண்ணீரில் திரும்ப எறியவேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதம் அதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் ஏரியில் என்ன நடக்கிறது என்பது ஓரளவு புரியும். கரையில் வளைகள் தென்பட்டால் எட்ட நின்று எண்ணுங்கள். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்; தண்ணீர்ப் பாம்பும் அங்கேதான் குடியிருக்கும்.